கன்னிமாராவுக்குப் படிக்கப் போகிறவர்களுக்கு

எழும்பூர் கன்னிமாரா நூலகத்தின் பெயருக்கும் நம் ஊர் கன்னிமார் சாமிக்கும் ஒரு தொடர்பும் இல்லை. 1886 முதல் 1890 வரை மதராஸ் கவர்னராக இருந்த ராபர்ட் பர்க் அயர்லாந்துப் பிரபுக் குடும்பத்துக்காரர். அவர் வாங்கிய பட்டம்தான் கன்னிமாரா பிரபு. பட்டத்தில் இருக்கும் ஊர், அயர்லாந்தின் மேற்குக் கரையில் கால்வே கவுண்டியில் இருக்கிறது. கல்லும் சதுப்பும் கடலுமான பகுதி. இன்றைக்கும் அடுப்படியில் ஐரிஷ் பேசுகிற வீடுகள் அங்கே உண்டு.

அயர்லாந்தின் காலனி வரலாற்றையும், மொழியையும் கலையையும் மீட்டெடுக்க அவர்கள் செய்த முயற்சியையும் அங்கேயே போய்ப் படிக்க விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒரு வருட முதுகலை படித்துவிட்டு வந்த அனுபவத்தில், யாராவது முன்பே சொல்லியிருக்கலாமே என்று எனக்குத் தோன்றியவற்றை வரிசைப்படி வைக்கிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "அவர்களும் நம்மைப் போல வெள்ளைக்காரனிடம் அடிபட்டவர்கள்" என்ற ஒற்றை வரியோடு விமானம் ஏறாதீர்கள். அடிபட்டார்கள், உண்மை. அதே சமயம் சாம்ராஜ்யத்துக்குச் சிப்பாய்களையும் கவர்னர்களையும் கொடுத்தவர்களும் அவர்கள்தான். ஜாலியன் வாலாபாக் நடந்தபோது பஞ்சாபின் லெப்டினன்ட் கவர்னராக இருந்த மைக்கேல் ஓட்வயர், டிப்பரேரி கவுண்டியில் பிறந்தவர். அடுத்த வருடமே, 1920-இல், அயர்லாந்தில் பிரிட்டிஷ் படை செய்வதைக் கேள்விப்பட்டு ஜலந்தரிலும் சோலனிலும் ஆயுதத்தைக் கீழே வைத்த, பிரிட்டிஷ் ராணுவத்தின் கன்னாட் ரேஞ்சர்ஸ் படைப்பிரிவுச் சிப்பாய்களும் ஐரிஷ்காரர்கள். அவர்களில் ஜேம்ஸ் டேலி சுட்டுக்கொல்லப்பட்டார். இந்த இரண்டையும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டால்தான் படிப்பு ருசிக்கும்.

முதல் வேலை: எந்த வாசல் வழியாக நுழையப் போகிறீர்கள்?

"ஐரிஷ் ஸ்டடீஸ்" என்று சொன்னால் அதற்குள் நாலைந்து துறைகள் அடங்கும். எதில் நுழைகிறோம் என்று தெரியாமல் விண்ணப்பித்தால் பாதி வருடம் வீண்.

வரலாறு என்றால் ஆவணம். பிரிட்டனிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து வடக்கில் குடியமர்த்திய, 1609-இல் தொடங்கிய அல்ஸ்டர் குடியேற்றம், கத்தோலிக்கர்களின் நிலத்தையும் வாக்கையும் பறித்த தண்டனைச் சட்டங்கள், 1801-இல் நடைமுறைக்கு வந்த பிரிட்டனுடனான இணைப்பு, 1845 முதல் 1852 வரையான பெரும் பஞ்சம். பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் செத்தார்கள், அதைவிட அதிகம் பேர் கப்பலேறினார்கள். உருளைக்கிழங்கில் விழுந்த பூஞ்சை நோயை மட்டும் காரணமாகச் சொல்லி முடிக்கிற கதை இல்லை இது. அந்த ஆண்டுகளிலும் தானியமும் கால்நடையும் ஏற்றுமதியாகிக்கொண்டுதான் இருந்தன. லண்டன் கருவூலத்தில் உட்கார்ந்து நிவாரணத்தை இறுக்கிப் பிடித்த சார்லஸ் டிரெவெலியன், பிறகு 1859-இல் மதராஸுக்கே கவர்னராக வந்தார். தாது வருடப் பஞ்சத்தைப் பற்றிப் படித்தவர்களுக்கு, நிவாரணம் கொடுத்தால் ஜனங்கள் சோம்பேறியாகிவிடுவார்கள் என்கிற அந்த வாதம் புதிதாக இருக்காது.

மறுமலர்ச்சிப் பக்கம் என்றால் அமைப்புகள். 1884-இல் தர்ல்ஸ் ஊரில் ஒரு ஹோட்டலில் கூடி ஹர்லிங் என்ற மட்டைப் பந்தாட்டத்தையும் கேலிக் கால்பந்தையும் காப்பாற்ற ஆரம்பித்த கேலிக் விளையாட்டுச் சங்கம். 1893-இல் டக்ளஸ் ஹைடும் ஓயின் மக்நீலும் மற்றவர்களும் ஐரிஷ் மொழியை மீட்கத் தொடங்கிய கேலிக் லீக். 1904-இல் கதவு திறந்த ஆபி தியேட்டர். யேட்ஸ், லேடி கிரெகரி, சிங் என்ற எழுத்தாளர்கள் எல்லாரும் அந்த மேடையோடு பிணைந்தவர்கள். 1916 ஈஸ்டர் திங்களன்று பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக எழுந்து டப்ளின் தபால் நிலையத்தைக் கைப்பற்றியவர்களில் பலர் கேலிக் லீக் வகுப்பில் மொழி படித்தவர்கள். எழுச்சியின் தலைவர் பாட்ரிக் பியர்ஸ் அதற்கு எட்டு வருடம் முன்பே ஐரிஷ் வழியில் கற்பிக்க ஒரு பள்ளிக்கூடம் திறந்தவர்.

இவை தவிர நாட்டார் வழக்காற்றியலும் மொழியும் தனி வாசல்கள். தயங்குகிறவர்களுக்கு என் யோசனை: நாட்டார் வழக்காறு. போட்டி குறைவு, ஆவணம் மலைபோல் கிடக்கிறது, நம் ஊரில் கதை கேட்டு வளர்ந்தவர்களுக்கு அதைப் படிக்கும் காது ஏற்கெனவே இருக்கிறது.

இரண்டாவது: போவதற்கு முன் ஒரு மாதம், வீட்டிலிருந்தே

காசு செலவில்லாத வேலை இது. இதைச் செய்தால் உங்கள் விண்ணப்பக் கடிதமும் தானாகவே நன்றாக அமையும்.

அயர்லாந்துத் தேசிய ஆவணக் காப்பகம் 1901, 1911 சென்சஸ் தாள்களை வீடு வீடாக இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. அதற்கு முந்தையவை ஏன் இல்லை என்பதே ஒரு பாடம். சிலவற்றை அரசாங்கமே அழித்தது. மிச்சத்தில் பெரும்பகுதி 1922 ஜூன் 30 அன்று உள்நாட்டுப் போரில் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் இருந்த பொது ஆவணக் காப்பகம் எரிந்தபோது போய்விட்டது. எரிந்தவற்றின் நகல்களை உலகெங்கும் தேடித் தொகுத்து, 2022-இல் மெய்நிகர் ஆவணக் களஞ்சியம் ஒன்றைத் திறந்திருக்கிறார்கள். அதையும் பாருங்கள். ஆனால் முதலில் சென்சஸ்.

மேற்குக் கரையில் ஒரு டவுன்லேண்டைத் தேர்ந்தெடுங்கள். டவுன்லேண்ட் என்பது பெயரில்தான் டவுன்; அளவில் நம் குக்கிராமம். 1911 படிவம் வீட்டுக்கு ஒரு தாள். பெயர், குடும்பத் தலைவருக்கு என்ன உறவு, மதம், எழுதப் படிக்கத் தெரியுமா, வயது, தொழில், பிறந்த இடம். மணமான பெண்களுக்கு மட்டும் கூடுதலாக மூன்று கட்டங்கள்: கல்யாணமாகி எத்தனை வருடம், உயிரோடு பிறந்த பிள்ளைகள் எத்தனை, இன்று உயிரோடு இருப்பவர்கள் எத்தனை. கடைசி இரண்டு எண்களுக்கும் நடுவில் உள்ள வித்தியாசத்தைப் பத்து வீடுகளுக்குக் கூட்டிப் பாருங்கள், ஒரு வருடப் பாடப்புத்தகம் சொல்லாததைச் சொல்லும்.

மொழிக் கட்டம் இன்னும் நுணுக்கமானது. ஐரிஷ் மட்டும் பேசுகிறவருக்கு நேரே "ஐரிஷ்" என்று எழுத வேண்டும். இரண்டும் தெரிந்தவருக்கு "ஐரிஷும் ஆங்கிலமும்". மற்றவர்களுக்கு ஒன்றும் எழுத வேண்டாம் என்பது விதி. அதாவது ஆங்கிலம் மட்டும் பேசுகிறவரின் கட்டம் காலி. வீடு வீடாகப் புரட்டினால் இப்படி ஒரு தாள் வரும்: பாட்டிக்கு நேரே "ஐரிஷ்", மகனுக்கும் மருமகளுக்கும் "ஐரிஷும் ஆங்கிலமும்", பேரப்பிள்ளைகளுக்கு நேரே வெள்ளைத் தாள். மூன்று தலைமுறையில் ஒரு மொழி வீட்டை விட்டுப் போனது ஒரே பக்கத்தில் தெரியும். அடுத்து டப்ளின் தெருக்களுக்குப் போங்கள். அங்கே தலைகீழ்த் தாள்கள் கிடைக்கும். அப்பா அம்மா கட்டம் காலி, இருபது வயதுக் குமாஸ்தா மகனுக்கு நேரே மட்டும் "ஐரிஷும் ஆங்கிலமும்". மாலை வகுப்புக்குப் போய்ப் படித்திருக்கிறான். மறுமலர்ச்சி என்று பெரிய வார்த்தையில் சொல்வது அந்தப் பையனின் கட்டத்தில் இருக்கும் இரண்டு சொற்களைத்தான்.

அடுத்து அதே ஊரை டூகஸ் என்ற நாட்டார் வழக்காற்றுத் தளத்தில் தேடுங்கள். 1937 முதல் 1939 வரை, ஏறத்தாழ 5,000 தொடக்கப் பள்ளிகளில் சுமார் 50,000 பிள்ளைகளை வீட்டுப் பெரியவர்களிடம் அனுப்பிக் கதை, வைத்தியம், பஞ்ச நினைவு, விடுகதை, பேய், பழைய கைத்தொழில் எல்லாவற்றையும் எழுதி வாங்கினார்கள். பிள்ளைகளின் கையெழுத்திலேயே படிக்கலாம். மூலப் பிரதிகள் டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியில், அதாவது எல்லாரும் யூசிடி என்று சொல்லும் இடத்தில், தேசிய நாட்டார் வழக்காற்றுத் தொகுப்பில் இருக்கின்றன.

கடைசியாக லோகன்ம் என்ற இடப்பெயர்த் தளத்தில் ஊர்ப்பெயரின் ஐரிஷ் வடிவத்தைப் பாருங்கள். 1824-இல் தொடங்கிய நில அளவையில் அதிகாரிகள் காதில் விழுந்ததை ஆங்கில எழுத்தில் எழுதிக்கொண்டு போனார்கள். திருவல்லிக்கேணி டிரிப்ளிகேன் ஆன கதைதான். "பல்லி" என்று தொடங்கும் நூற்றுக்கணக்கான ஊர்கள் பெரும்பாலும் "பல்யெ", அதாவது ஊர் என்பதன் சிதைவு. "கில்" என்றால் அநேகமாகத் தேவாலயம்.

சென்சஸ், பள்ளிப் பிள்ளைகள் தொகுப்பு, இடப்பெயர் மூன்றையும் ஒரே ஊருக்கு ஒட்டிப் பார்த்துவிட்டால், "ஏன் இந்தப் படிப்பு?" என்று கேட்கிற பேராசிரியருக்குச் சொல்ல உங்களிடம் ஒரு ஊர் இருக்கும். "சிறு வயது முதலே ஐரிஷ் இலக்கியத்தில் ஆர்வம்" என்று தொடங்கும் கடிதங்களை அவர்கள் நிறையப் பார்த்திருப்பார்கள்.

மூன்றாவது: பல்கலைக்கழகமும் விண்ணப்பமும்

கால்வே பல்கலைக்கழகத்தில் ஐரிஷ் ஆய்வு மையம் இருக்கிறது. கன்னிமாராவின் வாசலில் இருப்பதால் மொழிக்கும் கிராமத்துக்கும் அதுதான் வசதி. நாட்டார் வழக்காற்றுக்கு யூசிடி. 1592-இல் நிறுவிய டிரினிட்டி கல்லூரி, ஆங்கிலேய ஆட்சியின் கல்விக்கூடமாகவே பிறந்தது. காலனி வரலாற்றை அந்தக் கட்டடத்துக்குள் இருந்து படிப்பதில் ஒரு வேடிக்கை உண்டு. கார்க், மேனூத் இரண்டும் செலவில் கொஞ்சம் இலகு. பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகமும் இந்தத் துறையில் பழுத்த இடம்தான், ஆனால் அது பிரிட்டனோடு இருக்கும் வட அயர்லாந்து. விசா, கட்டணம், எல்லாம் வேறு கணக்கு.

முதுகலை ஒரு வருடம், செப்டம்பரில் தொடங்கும். முந்தைய அக்டோபர், நவம்பரிலேயே விண்ணப்பம் திறந்துவிடும். நேராகப் பல்கலைக்கழகத் தளத்தில் போடுங்கள். ஏஜென்ட் வேண்டியதில்லை. ஏஜென்டுகளுக்கு டேட்டா அனலிட்டிக்ஸ் தெரியும், இந்தப் படிப்பு தெரியாது. என்னிடம் ஒருவர் "இதுக்கு பதிலா எம்பிஏ போடுங்களேன்" என்றார். ஐஇஎல்டிஎஸ் பெரும்பாலும் 6.5 கேட்பார்கள். எழுத்து மாதிரி கேட்டால், மேலே சொன்ன அந்த ஒரு ஊரைப் பற்றி எழுதி அனுப்புங்கள்.

ஒரு வருடம் எடுக்க முடியாதவர்களுக்குக் கோடைக்காலப் படிப்பு உண்டு. டோனிகல் கவுண்டியில் கிளென்கொலம்கில்லில் ஓஜஸ் கேல் என்ற அமைப்பு 1984 முதல் பெரியவர்களுக்கு வாரக் கணக்கில் மொழி வகுப்பு நடத்துகிறது. குறுகிய கால விசாவில் போய்வரலாம்.

நான்காவது: பணம்

கலைப் பிரிவு முதுகலைக்கு ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருகிறவர்களிடம் பொதுவாக 18,000 யூரோவிலிருந்து 25,000 யூரோ வரை வாங்குகிறார்கள். அதற்கு மேல் தங்கும் செலவு. வெளிப்படையாகச் சொல்கிறேன்: வீட்டை அடமானம் வைத்து இந்தப் படிப்புக்குப் போகாதீர்கள். படிப்பு முடிந்தபின் முதுகலைக்காரர்கள் 24 மாதம் வரை தங்கி வேலை தேட அனுமதி உண்டு என்பது சரிதான். ஆனால் ஐரிஷ் வரலாறு படித்தவருக்கு அங்கே வேலை கொடுக்க வரிசையில் யாரும் நிற்பதில்லை.

எனவே உதவித்தொகை. அயர்லாந்து அரசின் சர்வதேசக் கல்வி உதவித்தொகை ஐரோப்பாவுக்கு வெளியே உள்ளவர்களுக்கானது. 60 பேருக்கு முழுக் கட்டண விலக்கும் வருடத்துக்கு 10,000 யூரோவும் கொடுத்துவந்திருக்கிறார்கள். சேர்க்கைக் கடிதம் கையில் இருந்தால்தான் விண்ணப்பிக்க முடியும், ஆகவே முன்கூட்டியே சேர்க்கை வாங்குங்கள். படிக்கும்போது வாரம் 20 மணி நேரம் வேலை செய்யலாம். ஜூன் முதல் செப்டம்பர் வரையும், டிசம்பர் 15 முதல் ஜனவரி 15 வரையும் 40 மணி நேரம். இந்த வருமானத்தை நம்பிக் கட்டணக் கணக்குப் போடாதீர்கள், வாடகைக்கும் சாப்பாட்டுக்கும்தான் சரியாக இருக்கும்.

ஐந்தாவது: விசா

மலேசியா, சிங்கப்பூர் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு நுழைவு விசா தேவையில்லை. இந்தியா, இலங்கைக்காரர்களுக்கு வேண்டும். மூன்று மாதத்துக்கு மேற்பட்ட படிப்புக்கு டி வகை. பயணத் தேதிக்கு மூன்று மாதம் முன்பிலிருந்து இணையத்தில் விண்ணப்பித்து, தாள்களை விசா மையத்தில் கொடுக்க வேண்டும்.

வாழ்க்கைச் செலவுக்குக் காட்ட வேண்டிய தொகையை 2023-இல் 7,000 யூரோவிலிருந்து 10,000 யூரோவாக உயர்த்தினார்கள். நீங்கள் விண்ணப்பிக்கும் நாளில் குடிவரவுத் துறைத் தளத்தில் உள்ள எண்ணை மட்டுமே நம்புங்கள். ஆறு மாத வங்கிக் கணக்கு கேட்பார்கள். அதில் திடீரென்று ஐந்து லட்சம் வந்து விழுந்திருந்தால் எங்கிருந்து வந்தது என்று தாளோடு விளக்க வேண்டும். மாமா கைமாற்றாகப் போட்டது என்று வாயால் சொன்னால் நடக்காது.

பலர் சறுக்குவது வேறொரு இடத்தில். பொறியியல் படித்துவிட்டு ஐரிஷ் நாட்டார் வழக்காறு படிக்கப் போகிறேன் என்றால் அதிகாரிக்குச் சந்தேகம் வரும், வரத்தான் செய்யும். ஏன் பாதை மாறினீர்கள், முடித்துவிட்டு என்ன செய்வீர்கள் என்பதை ஒரு பக்கத்தில், வளைக்காமல் எழுதுங்கள். மருத்துவக் காப்பீடும் கட்டாயம்.

போய் இறங்கி 90 நாளுக்குள் குடிவரவுப் பதிவு செய்ய வேண்டும். அட்டைக்கு 300 யூரோ. முதல் வாரத்திலேயே நேரம் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆறாவது: தலைக்கு மேல் கூரை

அயர்லாந்தில் வீடு கிடைப்பது பெரும் பாடு. டப்ளினில் மட்டுமல்ல, கால்வேயிலும் அதே கதை. பல்கலைக்கழக விடுதிக்குச் சேர்க்கைக் கடிதம் வந்த அன்றே போடுங்கள்.

அடுத்த வழி "டிக்ஸ்". ஒரு குடும்பத்து வீட்டில் ஓர் அறை, சில இடங்களில் சாப்பாட்டோடு. வீட்டுக்காரர்களுக்கு வருடம் 14,000 யூரோ வரை அந்த வாடகைக்கு வரி கிடையாது என்பதால் பலர் கொடுக்கிறார்கள். ஆனால் விளம்பரத்தைக் கடைசி வரி வரை படியுங்கள். "திங்கள் முதல் வெள்ளி வரை" என்று போட்டிருந்தால், சனி ஞாயிறு அறையைக் காலி செய்ய வேண்டும் என்று அர்த்தம். ஐரிஷ் பிள்ளைகள் வெள்ளிக்கிழமை பஸ் பிடித்து அம்மா வீட்டுக்குப் போய்விடுவார்கள். நாம் எங்கே போவது? இந்த வரியைக் கவனிக்காமல் முன்பணம் அனுப்பிவிட்டு, முதல் இரண்டு சனிக்கிழமைகளை இளைஞர் விடுதியில் ஈர மூட்டையோடு கழித்தவன் எழுதுகிறேன்.

பார்க்காத வீட்டுக்குப் பணம் அனுப்பாதீர்கள். "நான் வெளிநாட்டில் இருக்கிறேன், சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன்" என்று யார் சொன்னாலும் அது மோசடிதான்.

ஏழாவது: மொழி

ஒரு வார்த்தை ஐரிஷ் தெரியாமலும் பட்டம் வாங்கிவிடலாம். பெரும்பாலான வெளிநாட்டு மாணவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். நான் சொல்வது, வாரம் மூன்று மணி நேரமாவது மொழிக்கு ஒதுக்குங்கள். இந்தப் படிப்பின் மையக் கேள்வி மொழி. அதைத் தொடாமல் அதைப் பற்றிக் கட்டுரை எழுதுவது, சமையல் குறிப்பை மட்டும் படித்துவிட்டு ருசி சொல்வது மாதிரி.

முதலில் பெயர். அங்கே அந்த மொழியை "ஐரிஷ்" என்பார்கள், அல்லது அதன் சொந்தப் பெயரில் "கேல்கெ". "கேலிக்" என்று சொன்னால் ஸ்காட்லாந்து மொழியைச் சொல்கிறீர்களா என்று திருத்துவார்கள்.

தமிழ் பேசுகிறவர்களுக்கு இதில் சில சலுகைகள் உண்டு. ஐரிஷில் ஆம், இல்லை என்பதற்குத் தனிச் சொல் கிடையாது. கேள்வியின் வினையையே பதிலாகத் திருப்ப வேண்டும். "அவனைப் பார்த்தாயா?" "பார்த்தேன்." நாம் நாள் முழுக்கச் செய்வதுதான். "உடைமை"க்கு வினைச்சொல் கிடையாது. "புத்தகம் இருக்கிறது என்னிடம்" என்றுதான் சொல்வார்கள். பசியும் அவர்களுக்கு "இருக்கிறது என்மேல்". வினை வாக்கியத்தின் முதலில் வரும் என்பதுதான் நமக்குத் தலைகீழ். இன்னொன்று, சொல்லின் முதல் எழுத்தே இடத்துக்கேற்ப மாறும். பசுவுக்கு "போ". என் பசு என்றால் "மொ வோ". அகராதியில் வோ என்று தேடினால் கிடைக்காது. புணர்ச்சி விதி படித்த கை இதற்கு அவ்வளவு பயப்படாது, ஆங்கிலேய மாணவர்கள் அழுவார்கள்.

கேல்டாக்ட் என்பது ஐரிஷ் பேசும் பகுதி என்று அரசு வகுத்திருக்கும் இடங்கள். கன்னிமாரா, கெரியின் டிங்கிள் தீபகற்பம், டோனிகல்லின் க்வீடோர் முதலியவை. 1935-இல் கன்னிமாராவிலிருந்து குடும்பங்களைக் கொண்டுபோய்க் குடியமர்த்திய ராத் கார்ன், டப்ளினுக்குப் பக்கத்து மீத் கவுண்டியில் இருக்கிறது. காரரோ கிராமத்தில் கால்வே பல்கலைக்கழகத்துக்கே ஒரு மொழி மையம் உண்டு. ஒரு வாரமாவது போய்ப் "பன் அ டீ" வீட்டில் தங்குங்கள். பன் அ டீ என்றால் வீட்டுக்காரம்மா. மாணவர்களுக்குச் சோறு போட்டு, படுக்கை கொடுத்து, ஆங்கிலம் பேசவிடாமல் பார்த்துக்கொள்ளும் அம்மா.

நான் போன வீட்டில் முதல் நாள் சாயங்காலம், அந்த அம்மா கெட்டிலைத் தூக்கிக் காட்டி "அ மெய் டே அகத்?" என்றார். தேநீர் இருக்குமா உன்னிடம், அதாவது டீ குடிக்கிறாயா. எனக்குத் தெரிந்த ஒரே வினையை வைத்து "டா" என்றேன், "இருக்கிறது". அவர் ஊற்றவில்லை. கெட்டில் கையிலேயே இருந்தது. "பெய்," என்றார் மெதுவாக. "இருக்கும்." நானும் "பெய்" என்றேன். டீ விழுந்தது. ஏழு நாளில் எத்தனை டீ குடித்தேனோ, எதிர்காலம் அதற்குப் பிறகு மறக்கவில்லை.

கிராமத்துக்குப் போனால்தான் இன்னொன்றும் புரியும். 2022 சென்சஸில் 18 லட்சத்து 70 ஆயிரம் பேர் தங்களுக்கு ஐரிஷ் பேசத் தெரியும் என்றார்கள். பள்ளிக்கு வெளியே தினமும் பேசுகிறவர்கள் என்று பார்த்தால் 72,000 பேர். நூறு வருடமாகப் பள்ளியில் கட்டாயப் பாடம், 1996 முதல் தனித் தொலைக்காட்சி, 2007 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் அலுவல் மொழி, இவ்வளவு இருந்தும். சுதந்திரம் கிடைத்தால் மொழி தானாக வந்துவிடும் என்று 1922-இல் நம்பியவர்களுக்குக் கிடைத்த பதில் இது. இதை மறுமலர்ச்சியின் தோல்வி என்று சொல்லும் பேராசிரியரும் இருப்பார், 72,000 பேர் மிஞ்சியதே வெற்றி என்பவரும் இருப்பார். இரண்டு பேரிடமும் வகுப்பு எடுத்துக்கொள்ளுங்கள்.

பழைய நினைவுகளில் ஒரு குச்சி வரும். பிள்ளையின் கழுத்தில் கட்டி, ஐரிஷ் பேசும் ஒவ்வொரு தடவைக்கும் ஒரு வெட்டு போட்டு, பள்ளிக்கூடத்தில் வெட்டை எண்ணி அடி. பல ஊர்களில் அந்தக் குச்சியை மாட்டியதில் பெற்றோருக்கும் பங்கு இருந்தது. அமெரிக்கா போகிற பிள்ளைக்கு ஆங்கிலம்தான் சோறு போடும் என்ற கணக்கு. தமிழ் பேசினால் அபராதம் வாங்கிய கான்வென்ட் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எட்டாவது: கால் நடக்க வேண்டிய இடங்கள்

கில்டேர் தெருத் தேசிய நூலகத்தில் வாசகர் அட்டை இலவசம். வந்த வாரமே வாங்குங்கள். கில்மெய்னம் சிறைக்கு வழிகாட்டியோடுதான் போக முடியும், இணையத்தில் சீட்டு சீக்கிரம் தீர்ந்துவிடும். 1916 தலைவர்களில் 14 பேரைச் சுட்ட முற்றம் அங்கே இருக்கிறது. நாற்காலியில் கட்டிச் சுட்ட ஜேம்ஸ் கானலியின் இடத்தில் ஒரு சிலுவை தனியாக நிற்கும்.

பஞ்சத்தைப் பற்றி டப்ளின் ஆற்றங்கரையில் எலும்பும் தோலுமான வெண்கலச் சிலைகள் இருக்கின்றன. எல்லாரும் அங்கே படம் எடுப்பார்கள். நீங்கள் ராஸ்காமன் கவுண்டியின் ஸ்ட்ரோக்ஸ்டவுனுக்குப் போங்கள். ஜமீன்தார் மாளிகையும் பஞ்ச அருங்காட்சியகமும் ஒரே வளாகம். குடியானவர்கள் அந்த வீட்டுக்கு எழுதிய மனுக்கள் அங்கே இருக்கின்றன. மேயோ கவுண்டியில் லாஃப் மாஸ்க் ஏரிக்கரையில் 1880-இல் பாய்காட் என்ற ஏஜென்டை ஊரே ஒதுக்கிவைத்தது. "பாய்காட்" என்று நாம் இன்று சொல்வது அந்த ஆளின் பெயர்.

ஹர்லிங் ஆட்டம் ஒன்றையாவது குரோக் பார்க்கில் பாருங்கள். 1920 நவம்பர் 21 அன்று பிரிட்டிஷ் படை கூட்டத்தின் மேல் சுட்டு 14 பேர் இறந்த மைதானம் அது. பப்பில் இசைக் கூடுகை நடக்கும்போது மூலையில் இருக்கும் நாற்காலியில் போய் உட்காராதீர்கள், அது வாசிப்பவர்களுக்கு. யாராவது துணை வாத்தியம் இல்லாமல் பாட ஆரம்பித்தால் பேச்சை நிறுத்திவிடுங்கள், மற்றபடி அரட்டை அடிக்கலாம்.

பேச்சில் இரண்டு மூன்று கவனங்கள். "பிரிட்டிஷ் தீவுகள்" என்று அயர்லாந்தையும் சேர்த்துச் சொன்னால் முகம் மாறும். "தெற்கு அயர்லாந்து" என்பதும் வேண்டாம், அயர்லாந்து என்றால் போதும். வடக்கில் ஒரே ஊருக்கு இரண்டு பெயர்; டெரியா லண்டன்டெரியா என்பது எதிரில் இருப்பவர் யார் என்பதைப் பொறுத்தது. அவர் சொன்ன பிறகு நீங்கள் சொல்லுங்கள்.

ஒன்பதாவது: வடக்கே போவதற்கு முன்

வடக்கு பிரிட்டனோடு தங்கிவிட்ட பிரிவினையைப் படிக்கிற யாருக்கும் பெல்ஃபாஸ்ட் போகத் தோன்றும். டப்ளினிலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். வழியில் எல்லைச் சாவடி கிடையாது. சாலைப் பலகையில் கிலோமீட்டர் மைலாக மாறும், அவ்வளவுதான். வகுப்பில் மற்றவர்கள் "வா, இன்னைக்கே போயிட்டு வரலாம்" என்பார்கள். போகாதீர்கள். இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர்களுக்கு அங்கே பிரிட்டன் விசா வேண்டும். இந்தியர்களுக்காக இரண்டு நாட்டுக்கும் பொதுவான ஏற்பாடு ஒன்று இருப்பது குறுகிய கால விசாவுக்கு மட்டும். மாணவராக வாங்கிய குடிவரவு அட்டைக்கு அது செல்லாது. பஸ்ஸில் எப்போதாவது சோதனை நடக்கும். மாட்டினால் உங்கள் அடுத்த எல்லா விசாவும் கெடும். படிப்பு தொடங்கியதுமே பிரிட்டன் சுற்றுலா விசாவுக்கு விண்ணப்பித்து வைத்துக்கொள்ளுங்கள்.

விசா கிடைத்தால் பெல்ஃபாஸ்டின் சுவரோவியங்களைப் பார்த்துவிட்டு, ஆன்ட்ரிம் கவுண்டியில் கிளேடி என்ற ஊரை வரைபடத்தில் தேடுங்கள். திராவிட மொழிகளுக்கு ஒப்பிலக்கணம் எழுதி, மெரினாவில் சிலையாக நிற்கும் கால்டுவெல் 1814-இல் பிறந்த ஊர். இடையன்குடியில் அவர் கல்லறைக்குப் போக பஸ் டிக்கெட் போதும். பிறந்த ஊரைப் பார்க்க இன்றும் பிரிட்டிஷ் அனுமதி வேண்டும்.